ரவுட்டரை மாத்தினா சரியாயிடுமா?

இந்த எபிசோட் பாதி வீட்டுக் கதை, பாதி வரலாறு. பேசினதை எழுத்தா மாத்தும்போது திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை வெட்டியிருக்கேன், மத்தபடி பேசினது பேசின மாதிரியேதான் இருக்கு.

முதல்ல வீட்டுக் கதை. போன வருஷம் என் தங்கச்சிக்கு ஒரு வேலைக்கு இன்டர்வியூ. மதுரையில எங்க வீட்டு மாடி ரூம்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால். ஆரம்பிச்சு பத்து நிமிஷம் நல்லாப் போச்சு. அப்புறம் எதிர்ல இருந்தவரோட முகம் அப்படியே உறைஞ்சுபோச்சு. "கேக்குதா? கேக்குதா?"ன்னு இவ கேட்க, அவர் அதையே அஞ்சு செகண்ட் கழிச்சுக் கேட்க, மூணு தடவை கால் கட். நாலாவது தடவை அவங்களே, "பரவாயில்லை, மெயில் அனுப்புறோம்"னு முடிச்சுட்டாங்க. ஒரு வாரத்துல மெயில் வந்தது. வேற ஆளை எடுத்துட்டாங்க.

நெட்டாலதான் வேலை போச்சுன்னு நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா அவளுக்கு அப்படித்தான் தோணுச்சு. "அண்ணா, நீ சாஃப்ட்வேர்ல இருக்க, நம்ம வீட்டு நெட்டையே சரிபண்ண முடியலையா?"ன்னு கேட்டா. பதில் இல்ல.

உடனே நான் ரெண்டு காரியம் பண்ணினேன். ஒண்ணு, ஹால்ல டிவியில யூடியூப் வழியா பழைய நாதஸ்வரக் கச்சேரி பார்த்துட்டு இருந்த அப்பாகிட்ட, "சாயங்காலம் மட்டும் அதைப் பார்க்காதீங்கப்பா, நெட் எல்லாம் அதுலயே போகுது"ன்னு கொஞ்சம் கடுப்பாவே சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. ரிமோட்டை எடுத்து அணைச்சுட்டு வாசல்ல போய் உட்கார்ந்துட்டார். ரெண்டாவது, புது ரவுட்டர் வாங்கினேன். 3,200 ரூபாய்.

சனிக்கிழமை மாட்டினேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நெட் பிரமாதம். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் அதே கதை. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து, "ரவுட்டர்னு ஒரு பெட்டி எதைச் சரிபண்றதுக்காக வந்தது, எதை அது சரிபண்ணவே இல்ல"ன்னு தேட ஆரம்பிச்சேன். நான் எஞ்சினியரிங் படிச்சவன், நெட்வொர்க் பாடத்துல நல்ல மார்க்கும் வாங்கினவன். ஆனா இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லித் தரல.

குப்பை அலைவரிசை

ரேடியோ அலைகள்ல பெரும்பகுதிக்கு சொந்தக்காரங்க உண்டு. வானொலி, விமானம், ராணுவம், செல்போன் கம்பெனின்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு ஒதுக்கியிருப்பாங்க. 1947ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு துண்டைத் தனியா எடுத்து வெச்சாங்க. பேசுறதுக்காக இல்ல, சூடு பண்றதுக்காக. தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, ஆய்வகக் கருவிகள் வெளிவிடுற இரைச்சல் எல்லாம் அங்கேயே கிடக்கட்டும்னு ஏற்பாடு. அதே 1947ல்தான் ரேதியான் கம்பெனி முதல் மைக்ரோவேவ் அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்னிக்கும் வீட்டு மைக்ரோவேவ் வேலை செய்யறது 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான். அடுப்பு ஓடும்போது வைஃபை தடுமாறுதுன்னா அதுக்குக் காரணம் இந்த அக்கம்பக்கம்தான்.

அந்தக் குப்பைத் துண்டுல பேசவும் செய்யலாம்னு முடிவு பண்ணது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், எஃப்சிசி. 1985 மே 9ஆம் தேதி வந்த ஆணை அது. அதுக்குப் பின்னால இருந்தவர் ஆணையத்தில் வேலை பார்த்த பொறியாளர் மைக்கேல் மார்கஸ். 1 வாட் வரைக்கும் சக்தியில, அலையைப் பரப்பி அனுப்புற தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினா யாரும் லைசென்ஸ் வாங்க வேண்டாம். ஆனா யாருக்கும் பாதுகாப்பும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கருவி இடைஞ்சல் பண்ணினா புகார் கொடுக்க முடியாது, பொறுத்துக்கணும். நம்ம ஊர்ல 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு விதி வந்தது 2005 ஜனவரியில். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விரிவா திறந்துவிட்டது 2018 அக்டோபர்ல.

இதை இவ்வளவு விளக்கமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நாம ரவுட்டரைத்தான் காசு கொடுத்து வாங்குறோம், காற்றை வாங்கல. அது தெருவுல எல்லாருக்கும் பொது.

ஹவாயில் படிச்ச பாடம்

பொதுவான காற்றுல பல பேர் எப்படிப் பேசுறது? இந்தக் கேள்விக்கு முதல்ல செயல்ல பதில் சொன்னவங்க ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் ஆப்ராம்சன் குழுவினர். தீவுத் தீவா பிரிஞ்சு கிடக்கிற கல்லூரிகளை ஓஆஹு தீவில் இருந்த பெரிய கம்ப்யூட்டரோடு இணைக்கணும். 1971 ஜூன்ல அலோஹாநெட் ஓட ஆரம்பிச்சது. வேகம் நொடிக்கு 9,600 பிட்.

அவங்க விதி ரொம்ப எளிமையானது. சொல்லணும்னு தோணினா உடனே சொல்லு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல சொல்லி மோதிட்டா பதில் வராது. பதில் வரலைன்னா, ஆளுக்கொரு நேரம் ஏதோ கணக்கில்லாமக் காத்திருந்து மறுபடி சொல்லு. அவ்வளவுதான். கல்யாண வீட்டுல பத்து பேர் ஒரே நேரத்துல பேசி, எல்லாரும் சட்டுனு நிறுத்தி, மறுபடி யாரோ ஒருத்தர் ஆரம்பிக்கிற மாதிரி.

இதுக்கு ஒரு விலை உண்டு. இந்த முறையில மொத்தக் கொள்ளளவுல அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியா பயன்படும்னு கணக்கு சொல்லுது. மிச்சம் மோதலிலும் வெறுமையிலும் போயிடும். பின்னால வந்தவங்க இதைத் திருத்தினாங்க. பேசுறதுக்கு முன்னால காதைத் தீட்டிக் கேளு, காற்று அமைதியா இருந்தா மட்டும் பேசு, அப்பவும் கொஞ்சம் காத்திருந்து பேசு. இன்னிக்கு உங்க வீட்டு வைஃபை செய்யறது இதைத்தான். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனல்ல பேசிட்டு இருந்தா, உங்க ரவுட்டர் மரியாதையா வாயை மூடிட்டு நிக்கும். அதோட பெட்டியில எந்த எண் எழுதியிருந்தாலும் நிக்கும்.

எங்க தெருவுல அன்னிக்கு ராத்திரி போன்ல பார்த்தப்போ 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 19 வைஃபை பெயர்கள் தெரிஞ்சது. அந்தத் துண்டுல ஒண்ணோட ஒண்ணு உரசாத சேனல்கள் மொத்தம் மூணுதான்: 1, 6, 11. மூணு திண்ணையில 19 பேர்.

கல்லாப்பெட்டியில இருந்து வீட்டுக்கு

1985 ஆணைக்கு அப்புறம் இதை வெச்சு வியாபாரம் பண்ண நினைச்சவங்கள்ல முக்கியமானது என்சிஆர் கம்பெனி. அவங்க தொழில் கடைகளுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யறது. கடையோட அமைப்பை மாத்தும்போதெல்லாம் ஒயரைப் பிடுங்கி மறுபடி இழுக்கணும், அந்தத் தொல்லை வேண்டாம்னு நினைச்சாங்க. நெதர்லாந்துல இருந்த அவங்க பொறியாளர்கள் வேவ்லேன்னு ஒரு கருவி செஞ்சாங்க. அங்க இருந்த விக் ஹேய்ஸ்தான் 1990ல் ஐட்ரிபிள்இ அமைப்பின் 802.11 குழுவுக்குத் தலைவரானார். பத்து வருஷம் அந்த நாற்காலியில இருந்தார். எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கிட்ட முதல் தரவிதி 1997ல் வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999ல் 802.11பி வந்து அதை 11 ஆக்கினது.

"802.11பி"ன்னு சொல்லி யார் வாங்குவாங்க? அதனால இன்டர்பிராண்ட்னு ஒரு பெயர்சூட்டும் நிறுவனத்தைப் பிடிச்சு "வைஃபை"ன்னு பேர் வெச்சாங்க. ஹைஃபை மாதிரி காதுக்கு நல்லா இருக்குங்கிறதுக்காக வெச்ச பேர் அது. விரிவாக்கம் எதுவும் அதுக்குள்ள ஒளிஞ்சு இல்ல. அதே 1999 ஜூலையில நியூயார்க் மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் லேப்டாப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, அதைச் சுத்தி ஒரு வளையத்தை நுழைச்சுக் காட்டினார், ஒயர் எதுவும் இல்லைன்னு நிரூபிக்க. கூட்டம் கைதட்டினது. வீட்டுல வைக்கிற பெட்டிக்கு அன்னிக்கு விலை 299 டாலர்.

அடுத்த சிக்கல் சுவர். வீட்டுக்குள்ள அலை சுவர், பீரோ, தரைன்னு பட்டுத் தெறிச்சு, ஒரே செய்தி பல எதிரொலியா வந்து சேரும். வேகம் கூடக் கூட இந்த எதிரொலி குழப்பும். இதுக்கு முக்கியமான தீர்வு ஒண்ணு ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்துல இருந்து வந்தது. அங்க இருந்த ஜான் ஓ'சல்லிவன் ஒரு வானியல் ஆள். வெடிக்கிற குட்டிக் கருந்துளைகள்ல இருந்து ரேடியோ சத்தம் வருதான்னு முன்னாடி தேடினவர். அவர் தேடினது கிடைக்கல. ஆனா கலங்கிப்போன சிக்னலைத் தெளிவாக்கக் கத்துக்கிட்ட கணக்கு கையில இருந்தது. அந்த அனுபவத்தை வெச்சு அவர் குழு செஞ்ச கண்டுபிடிப்புக்கு 1996ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. இதோட அடிப்படை யோசனை, ஒரே ஓடையில வேகமா அனுப்பாம, பல மெல்லிய ஓடைகளாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் நிதானமா அனுப்பறது.

அதுக்கப்புறம் தரவிதிகள் வரிசையா வந்தது. 2009ல் ஒண்ணு, 2013ல் ஒண்ணு, 2021ல் ஒண்ணு. இப்போ கடையில வைஃபை 4, 5, 6ன்னு சொல்றது இவைதான். ஒவ்வொண்ணும் காற்றுல போற வேகத்தைக் கூட்டினது. நான் வாங்கின பெட்டியில 1200ன்னு பெருசா போட்டிருந்தது. அது 2.4ல் 300, 5ல் 867, ரெண்டையும் கூட்டி முழுசாக்கின எண். எந்த ஒரு போனுக்கும் அந்த 1200 கிடைக்காது. அதுவும் எங்க வீட்டுக்கு வர்ற கேபிள் நெட் இறங்குறப்ப 40 மெகாபிட், ஏறுறப்ப வெறும் 4. நான் 3,200 ரூபாய் கொடுத்து அகலப்படுத்தினது வீட்டுக்குள்ள இருக்கிற ரோட்டை. ஜாம் ஆகிற இடம் வேற எங்கயோ.

நீலப் பெட்டியைத் திறந்தவங்க

எங்கன்னு தெரியணும்னா பெட்டிக்குள்ள பார்க்கணும். அதுக்கு வழி திறந்தது ஒரு தற்செயல்.

2002 டிசம்பர்ல லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜின்னு ஒரு ரவுட்டரை விட்டது. நீலமும் கறுப்புமா, ரெண்டு கொம்பு ஆன்டெனாவோட. பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குள்ள ஓடினது லினக்ஸ். லினக்ஸோட உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இதை வெச்சுப் பொருள் செஞ்சு வித்தா, நீ மாத்தின மூல நிரலை வாங்கினவங்களுக்குக் கொடுக்கணும். லிங்க்சிஸ் கொடுக்கல. 2003ல் லினக்ஸ் நிரலாளர்கள் இதைக் கண்டுபிடிச்சுக் கேள்வி கேட்டாங்க. அந்தச் சமயத்துல லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. அழுத்தம் கூடி, அதே வருஷம் நிரலை வெளியிட்டாங்க.

அந்த நிரலை அடித்தளமா வெச்சு 2004ல் ஓபன்டபிள்யூஆர்டி ஆரம்பிச்சது. வீட்டு ரவுட்டருக்குள்ள நாமளே எழுதின மென்பொருளைப் போடலாம். 2005ல் வந்த ஐந்தாம் பதிப்புல கம்பெனி செலவைக் குறைக்க லினக்ஸை எடுத்துட்டு, நினைவகத்தையும் பாதியாக்கினது. வாங்கினவங்க விடல. கடைசியில பழைய வன்பொருளோட, பேர்ல 'எல்' எழுத்து சேர்த்து, லினக்ஸ் ரவுட்டரைத் தனியா விக்க வேண்டியதாச்சு.

நானும் இதையெல்லாம் ஏதோ ஆர்வக்கோளாறு பிடிச்சவங்க விளையாட்டுன்னுதான் நினைச்சிருந்தேன். அடுத்த பகுதியைப் படிக்கிற வரைக்கும்.

400 கஜ தூரத்துல நின்னுபோன நெட்

கொஞ்சம் பின்னால போகணும். 1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல தூரம் 400 கஜம். அங்க நொடிக்கு 32 ஆயிரம் பிட் போயிட்டு இருந்த இணைப்பு திடீர்னு நொடிக்கு 40 பிட்டா விழுந்தது. ஆமா, நாற்பது. ஒயர் அறுந்து போகல. எல்லாக் கம்ப்யூட்டரும் அனுப்பினதையே மறுபடி மறுபடி அனுப்பி, வரிசையை அடைச்சுட்டாங்க.

இதை ஆராய்ஞ்ச வான் ஜேக்கப்சன் 1988ல் வெளியிட்ட கட்டுரைதான் இன்னிக்கு வரைக்கும் இணையத்தை ஓட வைக்குது. அவர் சொன்ன வழி: மெதுவா ஆரம்பிச்சு வேகத்தைக் கூட்டிட்டே போ. ஒரு பாக்கெட் தொலைஞ்சா, பாதை நிரம்பிடுச்சுன்னு அர்த்தம், உடனே வேகத்தைக் குறை. அதாவது பாக்கெட் தொலையறது ஒரு தகவல். அது வந்தாத்தான் அனுப்புறவனுக்கு நிதானம் வரும்.

அதுக்கப்புறம் இருபது வருஷத்துல என்ன ஆச்சு? நினைவகம் மலிவாச்சு. மோடம், ரவுட்டர் செய்யறவங்க எல்லாரும், "பாக்கெட் தொலையறது கெட்டது, தொலையவே விடக்கூடாது"ன்னு காத்திருக்கிற இடத்தைப் பெருசாக்கிட்டே போனாங்க.

கல்யாண மண்டபத்தை நினைச்சுக்குங்க. பந்தியில ஒரு தடவைக்கு நூறு பேர். வெளியே காத்திருக்கிற ஹாலை ஆயிரம் பேர் நிக்கிற மாதிரி கட்டினா சாப்பாடு வேகமா நடக்குமா? நடக்காது. யாரையும் திருப்பி அனுப்பலைங்கிற திருப்தி மட்டும்தான். கூட்டம் வெளியே தெரியாததால பஸ் பஸ்ஸா இன்னும் ஆட்கள் வந்து இறங்குவாங்க. இதுல ஒரு சொம்பு தண்ணி மட்டும் வேணும்னு வந்த ஒருத்தர், அந்த ஆயிரம் பேருக்குப் பின்னால நிக்கணும். வீடியோ காலோட பாக்கெட் அந்தத் தண்ணி கேட்டவர் மாதிரி. ரொம்பச் சின்னது, ஆனா உடனே போகணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க வீட்டுல ஏறுற வேகம் நொடிக்கு 4 மெகாபிட். மோடத்துல 1 மெகாபைட் காத்திருப்பு இடம் இருக்குன்னு வெச்சுக்குவோம், அதாவது 8 மெகாபிட். அது நிரம்பினா கடைசியில நிக்கிற பாக்கெட் வெளியே போக 2 செகண்ட். "கேக்குதா?"ன்னு கேட்டா ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் அங்க கேக்கும்.

2010ல் அமெரிக்காவில் பெல் லேப்ஸ்ல இருந்த ஜிம் கெட்டிஸ் இதைக் கண்டுபிடிச்சார். எங்க தெரியுமா? அவர் வீட்டுல. பழைய ஆவணக் கோப்புகளை வீட்டுல இருந்து ஒரு சர்வருக்கு ஏத்திட்டு இருந்தார். அப்போ வீட்டு நெட் முழுக்கத் திணறினது. அளந்து பார்த்தா ஒரு செகண்டுக்கு மேல தாமதம். அவரும் முதல்ல எல்லாரையும் போல ஒயரையும் கம்பெனியையும் சந்தேகப்பட்டார். கடைசியில அது வீங்கிப்போன வரிசைன்னு புரிஞ்சு, பஃபர்புளோட்னு பேர் வெச்சார்.

இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்தினேன். "வீட்டுல இருந்து கோப்புகளை ஏத்திட்டு இருந்தார்." என் லேப்டாப்பைத் திறந்தேன். நான் வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவன். என் கோப்புகள், போட்டோக்கள் எல்லாத்தையும் கிளவுட்ல பேக்கப் எடுக்க ஒரு நிரல் நானே அமைச்சு வெச்சிருந்தேன். வேலை முடியற நேரமா பார்த்து, திங்கள் முதல் வெள்ளி வரை, சாயங்காலம் ஆறு மணிக்கு.

சனி, ஞாயிறு நெட் ஏன் பிரமாதமா இருந்ததுன்னு அப்பத்தான் விளங்கினது. புது ரவுட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பாவோட நாதஸ்வரத்துக்கும் சம்பந்தமில்ல. அது இறங்குற பாதையில, 40ல் ஏதோ 5 எடுத்துக்கிட்டுப் போயிட்டு இருந்தது. தங்கச்சியோட குரல் ஏறுற பாதையில என் பேக்கப்புக்குப் பின்னால நின்னுட்டு இருந்தது.

வரிசையை ஒழுங்கு பண்ணின கதை

நோய்க்குப் பேர் வெச்சாச்சு, மருந்து? 2012ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் கோடெல்னு ஒரு முறையை வெளியிட்டாங்க. வரிசை எவ்வளவு நீளம்னு அது பார்க்காது. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்னதுன்னு பார்க்கும். 100 மில்லிசெகண்ட் நேரத்துல ஒரு தடவைகூடக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழ வரலைன்னா, ஒரு பாக்கெட்டை வேணும்னே தூக்கிப் போடும். அனுப்புறவனுக்குச் சேதி போகும், வேகம் குறையும். 1988ல் சொன்ன அதே சேதி, இப்போ சரியான நேரத்துல.

எரிக் டுமாஸே அதோட இன்னொண்ணைச் சேர்த்தார்: ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனி வரிசை, சின்னதா வந்தவங்களுக்கு முதல் இடம். தண்ணி கேட்டவர் பந்தி முடியற வரைக்கும் நிக்க வேண்டாம். எஃப்க்யூ கோடெல்னு பேர். 2012லேயே லினக்ஸுக்குள்ள வந்துடுச்சு.

இதையெல்லாம் சோதிச்சுப் பார்த்த இடம் எது? வீட்டு ரவுட்டர்கள். டேவ் டாட்னு ஒருத்தர் ஓபன்டபிள்யூஆர்டியை அடிப்படையா வெச்சு ஒரு சோதனைப் பதிப்பு செஞ்சு, வருஷக்கணக்கா உலகம் பூரா ஆர்வலர்களைச் சேர்த்துப் பரிசோதிச்சார். 2025 ஏப்ரல்ல அவர் இறந்துபோனார். அவர் முகம்கூடத் தெரியாத எத்தனையோ வீடுகள்ல இன்னிக்கு வீடியோ கால் தெளிவா ஓடுறதுல அவருக்குப் பங்கு உண்டு. 2003ல் யாரோ நாலு பேர், "நிரலைக் கொடு"ன்னு அடம்பிடிக்கலைன்னா இந்தச் சோதனைக்கான களமே இருந்திருக்காது.

நான் என்ன பண்ணினேன்? பரண்ல போட்டிருந்த பழைய ரவுட்டருக்கு ஓபன்டபிள்யூஆர்டி இருந்தது. அதை இறக்கி, வரிசை ஒழுங்குபண்ற வசதியை ஆன் பண்ணி, ஏறுற வேகத்தை 4க்குப் பதிலா 3.5ன்னு கொடுத்தேன். ஏன் குறைக்கணும்? அப்பத்தான் வரிசை மோடத்துல சேராம, நம்ம பெட்டியில சேரும். அங்கதான் நமக்கு அதிகாரம் இருக்கு. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தா காத்திருப்பு போயிடும்.

பேக்கப்பை வேணும்னே ஓடவிட்டு அளந்தேன். முன்னாடி 1,800 மில்லிசெகண்ட். இப்போ 40.

புது ரவுட்டர் வீண் போகல. டிவிக்குப் பின்னால பீரோ ஓரமா இருந்த இடத்தை மாத்தி, மாடிப்படி திரும்புற இடத்துல வெச்சு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கொடுக்கிற வேலையை மட்டும் அதுக்குக் கொடுத்தேன். அந்த வேலையை அது நல்லாப் பண்ணுது.

வாங்குறதுக்கு முன்னால

நிறைய பேர் எனக்கு, "எந்த ரவுட்டர் வாங்கலாம்?"னு எழுதுறீங்க. வாங்குறதுக்கு முன்னால ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்க. நெட் திணறுற நேரத்துல லேப்டாப்ல இருந்து ரவுட்டருக்கே பிங் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுவே நூத்துக்கணக்குல தாவுதுன்னா பிரச்சினை காற்றுல: இடத்தை மாத்துங்க, 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்க, பழைய பெட்டின்னா புதுசு வாங்குங்க, தப்பில்ல. ரவுட்டர் வரைக்கும் சீரா இருந்து, வெளியே போற பிங் மட்டும், யாராவது ஏதாவது ஏத்தும்போது எகிறுதுன்னா பிரச்சினை வரிசையில. வாங்குற பெட்டியில வரிசை ஒழுங்குபண்ற வசதி இருக்கான்னு கேளுங்க. கடைக்காரர் 1200, 3000ன்னு எண்ணைச் சொன்னா சிரிச்சுட்டு மறுபடி கேளுங்க. யாரும் எதுவும் பண்ணாதப்பவே வெளிப் பிங் அறுந்து அறுந்து வருதுன்னா, லைனே சரியில்ல, கேபிள்காரரைக் கூப்பிடுங்க.

யாரை ஒதுங்கச் சொல்றதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாலயாவது அளந்து பாருங்க. நான் அதைப் பண்ணல.

தங்கச்சிகிட்ட நடந்ததைச் சொன்னேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம், "பேக்கப் ராத்திரி ரெண்டு மணிக்குப் போடுண்ணா"ன்னு மட்டும் சொன்னா. போட்டுட்டேன். அடுத்த இன்டர்வியூ நாப்பது நிமிஷம் ஒரு தடவைகூடக் கட் ஆகாமப் போச்சு. இப்போ ரெண்டாவது சுற்றுக்குக் காத்திருக்கா.

அப்பாகிட்டயும் போய், "உங்களால இல்லப்பா, என்னாலதான்"னு சொன்னேன். வரிசை, பாக்கெட் எல்லாம் விளக்க ஆரம்பிச்சேன். அவர் பாதியிலயே, "அப்போ இனிமே ஆறு மணிக்கு போடலாமா?"ன்னு கேட்டார். போடலாம்னேன். இந்த எபிசோடை மாடியில பதிவு பண்ணும்போது கீழே ஹால்ல இருந்து மெல்லிசா தவில் சத்தம் கேட்டிருந்தா, அது அதுதான். அதை மட்டும் நான் எடிட் பண்ணி எடுக்கல.